பிபிசி மைக்ரோ போன்மிகளில் வன்பொருள் கருவிப் போன்மம்

பிபிசி மைக்ரோ போன்மி என்பது 1980களில் பள்ளிகளில் பயன்பட்ட பிபிசி மைக்ரோ என்னும் 8-பிட்டுக் கணினியின் நடத்தையைத் தற்காலக் கணினி ஒன்றில் மென்பொருள் வழியாக மீளச் செய்துகாட்டும் நிரல் ஆகும். எமுலேட்டர் என்று பரவலாக அறியப்படும் இவ்வகை நிரலைத் தமிழில் போன்மி என்றும், அது ஆற்றும் பணியைப் போன்மம் என்றும் குறிப்பிடலாம். இக்கணினியின் மையச் செயலியைப் போன்மம் செய்வது ஒப்பீட்டளவில் எளிது. செயலியைச் சூழ்ந்துள்ள நேரக்கணிப்பிகள், நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தி, திரைச் சில்லுகள், ஒலிச் சில்லு முதலிய கருவிகளைச் சரிவரப் போன்மம் செய்வதே கடினமானது. ஒரு பழைய நிரல் போன்மியில் ஓடுமா ஓடாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதும் இதுவேயாகும்.

இந்தியாவைப் பொறுத்தவரை இப்பொருள் தனிச்சிறப்பு உடையது. நடுவண் அரசின் முதலாவது பெரிய பள்ளிக் கணினித் திட்டம் இக்கணினியைக் கொண்டே நடத்தப்பட்டது.

இந்தியப் பின்னணி

இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் இயங்கிய ஏகார்ன் கம்ப்யூட்டர்சு நிறுவனம், பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்திற்காகப் பிபிசி மைக்ரோவை வடிவமைத்து 1981 டிசம்பரில் வெளியிட்டது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் இதன் வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றினர். இவ்விருவருமே பின்னர் ஆர்ம் செயலியை உருவாக்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் இணைந்து 1984-85 கல்வியாண்டில் பள்ளிகளில் கணினி எழுத்தறிவும் படிப்பும் என்னும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கின. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது கிளாஸ் திட்டம் எனப்பட்டது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகள் சேர்க்கப்பட்டன. மொத்தம் 12,000 பிபிசி மைக்ரோ கணினிகள் பெறப்பட்டு மாநில அரசுகள் வழியாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டதாக அரசு ஆவணங்கள் கூறுகின்றன. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்சு லிமிடெட், ஏகார்னின் உரிமம் பெற்று இக்கணினியை யூனிகார்ன் என்ற பெயரில் தயாரித்தது. அந்நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை 1989 பிப்ரவரியில் தீக்கிரையானது.

1993க்குப் பிறகு கிளாஸ் திட்டம் புதிய வடிவம் பெற்றது. ஐபிஎம் ஒத்தியல்புக் கணினிகள் பள்ளிகளுக்கு வரத்தொடங்கியபின் பிபிசி மைக்ரோக்கள் மெல்ல மெல்லப் பயன்பாட்டிலிருந்து நீங்கின. அவற்றோடு ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதிய நிரல்கள் அடங்கிய நெகிழ்வட்டுகளும் ஒலிநாடாக்களும் பயனற்றுப் போயின. வணிக விளையாட்டு ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான படிகள் உலகெங்கும் இருக்கும். ஒரு படி அழிந்தால் மற்றொன்று கிடைக்கும். பள்ளி ஒன்றில் எழுதப்பட்ட நிரலுக்குப் பெரும்பாலும் ஒரே வட்டுதான். எனவே, அவ்வட்டு இன்று கிடைத்தால் அதிலுள்ளதைப் பிழையின்றிப் படித்து, பிழையின்றி ஓட்டிக்காட்டும் போன்மி தேவைப்படுகிறது.

கணினியின் அமைப்பு

பிபிசி மைக்ரோ பி வகையில் 2 மெகாஏர்ட்சு வேகத்தில் இயங்கும் 6502 செயலியும் 32 கிலோபைட்டு நினைவகமும் உள்ளன. இயங்குதளமும் பேசிக் மொழியும் தலா 16 கிலோபைட்டு அளவுள்ள படிப்பு நினைவகச் சில்லுகளில் அமைந்துள்ளன. 6502 செயலிக்கு உள்ளீட்டு வெளியீட்டுக்கென்று தனிக் கட்டளைகள் கிடையாது. நினைவக முகவரிகளில் ஒரு பகுதியே கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அம்முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் அது நினைவகத்திற்குச் செல்லாமல் ஒரு சில்லின் பதிவகத்தைச் சென்றடையும். பிபிசி மைக்ரோவின் முதன்மைக் கருவிகள் 65,024ஆம் முகவரியிலிருந்து தொடங்கும் 256 இடங்களில் உள்ளன. ஏகார்ன் பொறியாளர்கள் இப்பகுதிக்குச் சீலா என்றும், அதற்கு முந்தைய இரு பகுதிகளுக்குப் பிரெட், ஜிம் என்றும் பெயரிட்டிருந்தனர்.

போன்மி எழுதுபவர் இங்கேயே முதற் சிக்கலைச் சந்திக்கிறார். நினைவகத்தில் ஓரிடத்தைப் படித்தால் அங்குள்ள மதிப்பு மாறுவதில்லை. கருவியின் பதிவகம் அத்தகையதன்று. எடுத்துக்காட்டாக, 65,092ஆம் முகவரியில் உள்ள நேரக்கணிப்பிப் பதிவகத்தைப் படித்தாலே, நிலுவையில் உள்ள குறுக்கீட்டுக் குறி அழிந்துவிடும். நிரலரின் பிழைகாணும் கருவி நினைவகம் முழுவதையும் திரையில் காட்ட முயன்றால்கூட, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் போக்கு மாறிவிடக்கூடும். ஆகையால் நல்ல போன்மிகள் செயலி படிப்பதற்கென்று ஒரு வழியையும் பார்வைக்கு மட்டும் படிப்பதற்கென்று வேறொரு வழியையும் தனித்தனியே கொண்டுள்ளன.

கடிகார நீட்டிப்பு

செயலி 2 மெகாஏர்ட்சில் இயங்கினாலும் பல கருவிகள் 1 மெகாஏர்ட்சில் மட்டுமே இயங்கவல்லவை. செயலி அத்தகைய கருவி ஒன்றை அணுகும்போது வன்பொருள் அதன் கடிகாரத் துடிப்பை நீட்டிக் கருவியின் துடிப்போடு இணங்கச் செய்கிறது. இதனால் ஒவ்வோர் அணுகலுக்கும் ஒன்று அல்லது இரண்டு துடிப்புகள் கூடுதலாகச் செலவாகும். ஒன்றா இரண்டா என்பது, அணுகல் தொடங்கும்போது 1 மெகாஏர்ட்சுக் கடிகாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு துடிப்பு என்பது அரை மைக்ரோநொடி மட்டுமே. இதைப் புறக்கணித்தாலும் பெரும்பாலான பேசிக் நிரல்கள் ஓடும். ஆயினும் திரையின் ஒரு வரி வரையப்படுவதற்கு 64 மைக்ரோநொடி, அதாவது 128 துடிப்புகளே ஆகின்றன. வரிக்கு வரி நிறம் மாற்றும் நிரலில் ஒரு துடிப்புப் பிழை 312 வரிகளில் சேர்ந்து சேர்ந்து இரண்டு வரிக்கும் மேற்பட்ட விலகலாக வளர்ந்துவிடும்.

செயலியும் இதில் தன் பங்கைச் செய்கிறது. நினைவகத்தில் உள்ள எண்ணைக் கூட்டியோ குறைத்தோ திரும்ப எழுதும் கட்டளைகளை நிறைவேற்றும்போது, 6502 முதலில் பழைய மதிப்பையே ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த துடிப்பில் புதிய மதிப்பை எழுதுகிறது. சாதாரண நினைவகத்தில் இது யாருக்கும் தெரியாது. கருவிப் பதிவகத்திலோ இரண்டு எழுத்துகளும் இரண்டு தனி நிகழ்வுகள். செயலியை மட்டும் தனியாகச் சோதித்துச் சரி என்று முடிவு செய்த போன்மிகள் இவ்விடத்தில் தவறியுள்ளன. 2010இல் வெளிவந்த விசுவல் 6502 திட்டம், இச்சில்லினைப் படமெடுத்து அதன் டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியே கணிக்கும் மாதிரியை வெளியிட்டபின் இத்தகைய நுட்பங்களை எவரும் சரிபார்க்க முடிந்தது.

நேரக்கணிப்பி

பிபிசி மைக்ரோவில் 6522 வகைச் சில்லுகள் இரண்டு உள்ளன. ஒன்று கணினியின் உள் வேலைகளுக்கானது. விசைப்பலகை, ஒலி, திரைக் குறிகை ஆகியன இதனுடன் இணைந்துள்ளன. மற்றொன்று அச்சுப்பொறிக்கும் பயனர் இணைப்புக்கும் உரியது. ஒவ்வொரு சில்லிலும் டைமர் எனப்படும் நேரக்கணிப்பிகள் இரண்டு உண்டு. தொடக்க எண் ஒன்றை எழுதினால் அது மைக்ரோநொடிக்கு ஒன்று வீதம் குறைந்துகொண்டே வந்து, சுழியைக் கடந்ததும் குறுக்கீடு எழுப்பி, மீண்டும் தொடக்க எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கும்.

சுழி வந்தபின் அடுத்த துடிப்பில் சுழிக்குக் கீழே ஒரு படி இறங்கி, அதன்பின்னரே தொடக்க எண் மீள நிரப்பப்படுகிறது. எனவே தொடக்க எண் எதுவாயினும், ஒரு சுற்றின் நீளம் அவ்வெண்ணைவிட 2 கூடுதலாகும். ஏகார்ன் பொறியாளர்கள் இதை அறிந்தே, நொடிக்கு 100 முறை குறுக்கீடு வேண்டிய இடத்தில் 10,000 என்று எழுதாமல் 9,998 என்று எழுதினர். இயங்குதளத்தின் நிரலைப் படிக்கும் எவரும் இந்த எண்ணைக் காணலாம்.

போன்மி எழுதுபவர் இக்கூடுதல் இரண்டைக் கவனிக்கத் தவறினால் என்ன ஆகும்? பேசிக் மொழியின் நேர மாறி இக்குறுக்கீட்டையே நம்பியிருப்பதால், போன்மிக்குள் உள்ள கடிகாரம் நாளொன்றுக்கு 17 நொடிகளுக்கு மேல் விரைந்து ஓடும். இதை எவரும் பெரிதாக எண்ணமாட்டார். ஆனால் அதே நேரக்கணிப்பியைக் கொண்டு திரையில் குறிப்பிட்ட வரியைக் கணக்கிடும் நிரல் நிலைகுலையும். நாடாவில் வெளியான சில விளையாட்டுகளுக்காகக் கெவின் எட்வர்ட்சு எழுதிய படியெடுப்புத் தடுப்பு இன்னும் கடுமையானது. அது நேரக்கணிப்பியில் அந்தந்தக் கணத்தில் உள்ள எண்களையே திறவுகோலாகக் கொண்டு நிரலின் எஞ்சிய பகுதியை மறைவிலிருந்து விடுவிக்கிறது. ஒரே ஒரு துடிப்புப் பிசகினாலும் கிடைப்பது பொருளற்ற எண்களே. படியெடுப்போரைத் தடுக்க எழுதப்பட்ட இந்நிரல், பிற்காலத்தில் போன்மிகளின் துல்லியத்தைச் சோதிக்கும் உரைகல்லாக ஆனது ஒரு விந்தை.

இணையத்தில் உலாவியிலேயே இயங்கும் ஜேஎஸ்பீப் என்னும் போன்மியை எழுதிய மாட் காட்போல்ட் இத்தடுப்பு நிரலை ஓட்டுவதற்காகவே தம் நேரக்கணிப்பிப் போன்மத்தைத் திருத்தியமைத்ததை விரிவாகப் பதிவு செய்துள்ளார். தரவுத்தாள் ஒன்றை மட்டும் நம்பி இவ்வளவு துல்லியத்தை எட்டுவது அரிது. சிறு சோதனை நிரல் ஒன்றை எழுதி, அதை உண்மைக் கணினியிலும் போன்மியிலும் ஓட்டி, விடைகளை ஒப்பிடுவதே நடைமுறையில் பயன்தரும் முறையாக இருந்து வந்துள்ளது. ஓடும் நிலையில் ஒரு கணினியாவது கைவசம் இருந்தால் மட்டுமே இம்முறை கைகூடும் என்பதை மறக்கலாகாது.

நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தி

தொடக்ககாலப் பிபிசி மைக்ரோக்களின் நெகிழ்வட்டு இணைப்பில் இன்டெல் 8271 சில்லு பயன்பட்டது. வட்டின் ஒரு பக்கத்தில் 40 அல்லது 80 தடங்கள். தடத்திற்கு 10 செக்டர்கள். செக்டருக்கு 256 பைட்டுகள். 80 தட வட்டின் ஒரு பக்கத்தில் 204,800 பைட்டுகள் கொள்ளும். கோப்புப் பட்டியல் முதல் இரு செக்டர்களில் மட்டுமே இருப்பதால், ஒரு பக்கத்தில் 31 கோப்புகளுக்கு மேல் வைக்க இயலாது. கோப்பின் பெயர் ஏழு எழுத்துகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும்.

வட்டு நிமிடத்திற்கு 300 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 200 மில்லிநொடி. ஒரு பைட்டு படிப்புமுனையைக் கடக்க 64 மைக்ரோநொடி ஆகும். ஆகவே ஒரு தடத்தில் ஏறத்தாழ 3,125 பைட்டுகளுக்கு இடம் உண்டு. அவற்றில் 2,560 மட்டுமே தரவு. எஞ்சியவை செக்டர் அடையாளங்கள், பிழைகாண் எண்கள், இடைவெளிகள் ஆகும். ஒவ்வொரு பைட்டு வந்துசேரும்போதும் கட்டுப்படுத்தி மறுக்கவியலாக் குறுக்கீடு ஒன்றை எழுப்புகிறது. அடுத்த பைட்டு வருவதற்குள், அதாவது 128 துடிப்புகளுக்குள், செயலி அதை எடுத்து வைத்தாக வேண்டும்.

முற்காலப் போன்மிகள் பலவற்றில் இவ்வளவும் சுருக்கப்பட்டது. செக்டர் கேட்கப்பட்டால் கோப்பிலிருந்து 256 பைட்டுகள் எடுத்துத் தரப்படும். வட்டு சுழல்வதோ தலை நகர்வதோ கணக்கில் கொள்ளப்படாது. சாதாரணப் பயன்பாட்டிற்கு இதுவே போதுமானது, வேகமானதும்கூட. எஸ்எஸ்டி எனப்படும் வட்டுப் படிம வடிவமும் இக்கருத்தையே பின்பற்றிச் செக்டர்களின் தரவை மட்டும் வரிசையாகச் சேமிக்கிறது. செக்டர் எண் தவறாக இடப்பட்ட தடங்கள், நீக்கப்பட்ட தரவு என்று குறியிடப்பட்ட செக்டர்கள், படிக்கும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மதிப்புத் தரும் வலுவற்ற பிட்டுகள் ஆகியன இவ்வடிவத்தில் சுவடின்றி மறைந்துவிடும். எஃப்எஸ்டி வடிவம் இவற்றுட் சிலவற்றைப் பதிவு செய்கிறது. வட்டின் காந்தப்புல மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும் பிற்கால வடிவங்கள் ஏறத்தாழ அனைத்தையும் காக்கின்றன.

படிமத்தில் இருந்தால் மட்டும் போதாது. போன்மியின் கட்டுப்படுத்தியும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். கிரிசு எவன்சு எழுதிய பீப்ஜிட் என்னும் போன்மி இத்துறையில் குறிப்பிடத்தக்கது. 8271 சில்லின் ஆவணத்தில் சொல்லப்படாத நடத்தைகளை உண்மைச் சில்லில் சோதித்தறிந்து, சுழலும் தடத்தைப் பைட்டு பைட்டாகக் கட்டுப்படுத்திக்கு ஊட்டும் முறையை அது பின்பற்றுகிறது.

8271 விலை மிகுந்ததாகவும் கிடைப்பதற்கு அரிதாகவும் இருந்ததால், ஏகார்ன் பின்னர் 1770 வகைச் சில்லுக்கு மாறியது. இவ்விரண்டின் கட்டளைகளும் முற்றிலும் வேறானவை. இயங்குதளம் வழியாக வட்டை அணுகும் நிரல்களுக்கு இதனால் தொல்லை இல்லை. சில்லோடு நேரடியாகப் பேசிய நிரல்களோ மற்றொன்றில் ஓடா. எனவே போன்மியில் எந்தக் கட்டுப்படுத்தி என்பதைப் பயனர் தேர்ந்தெடுக்கும் வசதி இருத்தல் வேண்டும்.

திரை

6845 சில்லு திரையின் அளவுகளையும் முகவரிகளையும் கணக்கிடுகிறது. பைட்டுகளை நிறப் புள்ளிகளாக மாற்றுவது ஏகார்ன் வடிவமைத்த தனிச் சில்லின் வேலை. ஏழாம் திரைமுறையில் மட்டும் டெலிடெக்சுட்டு எழுத்துச் சில்லான எசுஏஏ5050 அவ்வேலையை ஏற்கிறது. இம்முறைக்கு 1 கிலோபைட்டே போதுமென்பதால், நினைவகம் குறைந்த இக்கணினியில் எழுத்து மட்டும் காட்டும் நிரல்களுக்கு இது ஏற்றது.

ஏழாம் முறையின் எழுத்துகள் சில்லுக்குள்ளேயே பதிந்துள்ளதால் அவற்றை மாற்ற முடியாது. மற்ற முறைகளில் 224 முதல் 255 வரையுள்ள 32 குறியீடுகளுக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிகளில் புதிய வடிவம் தரலாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 எனத் தமிழின் 31 அடிப்படை எழுத்துகள் இந்த 32 இடங்களில் அடங்கிவிடும்! உயிர்மெய்க் குறிகளுக்கு இடமில்லை என்பதும், எட்டுப் புள்ளி அகலத்தில் ஞகரமும் ணகரமும் என்ன பாடுபடும் என்பதும் வேறு செய்தி.

திரைப் போன்மத்தின் துல்லியத்தைக் காட்ட வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு, டேவிட் பிராபென், இயன் பெல் ஆகியோர் எழுதி 1984இல் வெளிவந்த எலைட் விளையாட்டு ஆகும். இதன் திரையில் மேற்பகுதி நுண்மையான இருநிற முறையிலும், கீழ்ப்பகுதி பருமனான நானிற முறையிலும் அமைந்துள்ளன. அத்தகைய கலப்பு முறை எதுவும் கணினியில் இல்லை. ஒவ்வொரு சட்டகம் வரையப்படும்போதும் நேரக்கணிப்பியின் குறுக்கீடு வந்த கணத்தில் நிரல் நிறச் சில்லின் பதிவகத்தை மாற்றி எழுதுகிறது. சட்டகம் முடிந்தபின் நினைவகத்தைப் பார்த்து மொத்தமாகப் படம் வரையும் போன்மியில், திரையின் ஒரு பாதி எப்போதும் தவறாகவே தெரியும். செயலி ஒரு துடிப்பு நகர்ந்தால் திரையும் அதற்கேற்ற புள்ளிகள் நகர வேண்டும் என்பதே இதற்குத் தீர்வு. இது கணிக்கும் வேலையைப் பன்மடங்காக்குகிறது. தற்காலக் கணினிகளுக்கு அது சுமையன்று. 1990களில் அது பெருஞ்சுமையாக இருந்தது. டேவிட் கில்பர்ட் 1994இல் யூனிக்சுக்காக எழுதிய பீப்எம் போன்மியின் காலத்தில் வேகத்திற்கும் துல்லியத்திற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டியிருந்தது.

ஒலியும் ஒலிநாடாவும்

எசுஎன்76489 ஒலிச் சில்லில் மூன்று சுருதி வழிகளும் ஓர் இரைச்சல் வழியும் உள்ளன. 125,000ஐப் பதிவக எண்ணால் வகுத்தால் சுருதியின் அலைவெண் கிடைக்கும். சில நிரல்கள் பதிவகத்தில் 1 என எழுதி, செவிக்கு எட்டாத சுருதி ஒன்றை எழுப்பி, அதன் ஒலியளவை மட்டும் விரைவாக மாற்றிப் பேச்சொலியை உண்டாக்கின. அலைவடிவைச் சரியாக வடிகட்டாத போன்மியில் இப்பேச்சு கீச்சொலியாகக் கேட்கும்.

ஒலிநாடாவில் 1200, 2400 ஏர்ட்சு ஒலிகளால் நொடிக்கு 1200 பிட்டு வீதம் தரவு பதியப்பட்டது. இதைக் காக்கத் தாமசு ஆர்ட் வகுத்த யுஇஎஃப் வடிவம் இன்று பரவலாகப் பயன்படுகிறது.

வெளியே இணைக்கப்படும் கருவிகள்

விளையாட்டுகளையே பெரும்பாலும் சோதித்துவந்த போன்மி எழுத்தாளர்கள் குறைவாகக் கவனித்த பகுதி இதுவாகும். பள்ளிக்கணினி என்னும் முறையில் பிபிசி மைக்ரோவின் பெருஞ்சிறப்பு அதன் பின்புற இணைப்புகளே. நான்கு வழிகள் கொண்ட ஒப்புமை-எண்ணிம மாற்றியில் வெப்ப உணரி ஒன்றை இணைத்து இயற்பியல் ஆய்வு செய்யலாம். எட்டு இழைகள் கொண்ட பயனர் இணைப்பில் விளக்குகளையோ சிறு எந்திரத்தையோ இயக்கலாம். மாற்றி ஓர் அளவை எடுத்து முடிக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். அதைக் காத்திருந்து பெறும் நிரலுக்குப் போன்மி உடனே விடை தந்தாலும் தவறு. தராமலே இருந்தாலும் தவறு. உணரியே இல்லாத இடத்தில் எந்த எண்ணைத் தருவது என்ற கேள்வியும் உண்டு. பல போன்மிகள் சுட்டியின் நகர்வையே அளவாகத் தருகின்றன. பறக்கும் விளையாட்டிற்கு அது பொருந்தும். நீர் கொதிக்கும் ஆய்விற்குப் பொருந்தாது. பதிவு செய்த அளவுகளைக் கோப்பிலிருந்து ஊட்டும் வசதி இத்தகைய பள்ளி நிரல்களுக்கு மிகவும் பயன்படும்.

வெளிக்கருவியைப் போன்மம் செய்ததில் புகழ்பெற்ற நிகழ்வு பிபிசி டூம்ஸ்டே திட்டம் தொடர்பானது. 1086ஆம் ஆண்டின் நிலக் கணக்கேட்டினுடைய 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986இல் பிரித்தானிய மக்களின் வாழ்வு படங்களாகவும் எழுத்தாகவும் லேசர் வட்டுகளில் தொகுக்கப்பட்டது. அதைப் பார்க்கப் பிபிசி மாசுட்டர் கணினியும் பிலிப்சு நிறுவனத்தின் தனிவகை லேசர் வட்டியக்கியும் தேவை. பதினைந்து ஆண்டுகளுக்குள் அவ்வியக்கிகள் அருகிப்போயின. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய தோலேடு படிக்கக்கூடியதாக இருக்க, பதினைந்தாண்டு வட்டு படிக்கமுடியாததாகி நின்றது. லீட்சு, மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கமிலியான் திட்டத்தினர் பீப்எம் போன்மியை அடிப்படையாகக் கொண்டு, துணைச் செயலியையும் லேசர் வட்டியக்கியையும் போன்மம் செய்து 2002இல் டூம்ஸ்டேயை மீண்டும் இயக்கிக் காட்டினர். இங்கே செயலிப் போன்மம் முன்னரே ஆயத்தமாக இருந்தது. விடுபட்டிருந்தது ஒரு கருவி மட்டுமே.

எதிர்த்திசைப் போன்மம்

கணினி உண்மையானதாக இருக்க, அதனுடன் இணைந்த கருவி மட்டும் போன்மமாக இருப்பதும் உண்டு. ராசுபெரி பை கணினியைப் பிபிசி மைக்ரோவின் துணைச் செயலியாக நடிக்கச்செய்யும் பைடியூப்டைரக்டு திட்டம் இவ்வகையது. நெகிழ்வட்டு இயக்ககத்தின் இடத்தில் பொருத்தப்படும் கோடெக் வகைப் போன்மிகள் மற்றொரு வகை. இவை யுஎசுபி நினைவியில் உள்ள படிமத்தை 34 முனை இணைப்பு வழியாக வட்டைப் போலவே கட்டுப்படுத்திக்குக் காட்டும்.

இப்போன்மிகளின் பெருஞ்சந்தை பழங்கணினி ஆர்வலர்கள் அல்லர், தொழிற்சாலைகளே. தையல் எந்திரங்களிலும் எண்ணிமக் கட்டுப்பாட்டுக் கடைசல் எந்திரங்களிலும் நெகிழ்வட்டு இயக்ககமே நிரல் ஏற்றும் வாயிலாக இருந்தது. தானுந்து உதிரிப்பாகப் பட்டறைகள் நிறைந்த ஓசூர், கிருட்டிணகிரி பகுதி போன்ற இடங்களில் இதன் பயன் கண்கூடானது. எந்திரத்தின் இரும்பும் இயக்கியும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் நிலையில் இருக்க, வட்டியக்கி மட்டும் பழுதாவது வழக்கம். மாற்று இயக்ககம் சந்தையில் இல்லை; வட்டுகளும் இல்லை. கோடெக்கைப் பொருத்தும்போது நேரும் பொதுவான தடை 34ஆம் முனையில் உள்ளது. தனிமேசைக் கணினிகள் அம்முனையில் வட்டு மாற்றப்பட்டதற்கான குறிகையை எதிர்பார்க்கின்றன. தொழிற்துறை எந்திரங்கள் பல, இயக்ககம் ஆயத்தம் என்னும் குறிகையை எதிர்பார்க்கின்றன. கீர் பிரேசர் எழுதிய திறந்த மூல நிலைபொருளான பிளாசுபிளாப்பி இதனை ஓர் அமைப்புக் கோப்பில் மாற்றிக்கொள்ள இடம்தருகிறது. பிபிசி மைக்ரோவின் எஸ்எஸ்டி படிமங்களையும் அதே நிலைபொருள் ஏற்கும். பழைய பள்ளிக் கணினிக்காக அலசப்பட்ட நுட்பம் பட்டறைக்கும், பட்டறைக்காக விற்கப்பட்ட பெட்டி பள்ளிக் கணினிக்கும் இவ்வாறு பயன்பட்டுள்ளன.

வட்டுகளைப் படியெடுத்தல்

இந்தியப் பள்ளிகளில் பயன்பட்ட பிபிசி மைக்ரோவோ யூனிகார்னோ கிடைக்கப்பெறுவோர், அதை உடனே மின்னிணைப்பில் செருகலாகாது. இக்கணினிகளின் மின்வழங்கியில் உள்ள வடிகட்டு மின்தேக்கிகள் முதுமையில் வெடித்துப் புகைவிடுவது உலகெங்கும் அறியப்பட்ட குறை. அவற்றை மாற்றிய பின்னரே இயக்குதல் நன்று.

நெகிழ்வட்டுகளைப் பொறுத்தவரை, ஈரப்பதம் மிகுந்த நம் தட்பவெப்பத்தில் மேற்பரப்பில் பூஞ்சை படர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. தூய்மை செய்யாமல் ஓட்டினால் வட்டும் கெடும், படிப்புமுனையும் கெடும். பழைய கணினியிலேயே கோப்புகளைப் படித்து அனுப்புவதைவிட, கிரீசுவீசில் போன்ற பலகையைக் கொண்டு காந்தப்புல மாற்றங்களை நேரடியாகப் பதிவு செய்வதே சிறந்தது. படிக்கமுடியாத செக்டர் ஒன்று இருப்பினும், அப்பதிவைப் பின்னர் வேறு முறைகளில் அலச முடியும். எஸ்எஸ்டி படிமம் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளத்தக்கது. எஸ்எஸ்டியிலிருந்து மூலப் பதிவைத் திரும்பப் பெற இயலாது. ஓரிரு மெகாபைட்டு இடத்தை மிச்சப்படுத்த எளிய வடிவத்தில் மட்டும் சேமித்துவிட்டு வட்டை எறிந்துவிடுவது, இன்றைய போன்மியின் குறைகளை அந்நிரலின் மீது நிலையாக ஏற்றிவிடுவதற்கு ஒப்பாகும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, நிரலின் படியை முறைப்படி வைத்திருப்பவர் இழப்புக்கு எதிரான காப்புப் படி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. வட்டின் மேலட்டையில் எழுதப்பட்டுள்ள பள்ளியின் பெயர், வகுப்பு, ஆண்டு ஆகியவற்றையும் ஒளிப்படம் எடுத்துப் படிமத்துடன் சேர்த்து வைத்தல் வேண்டும். ஏழெழுத்துக் கோப்புப் பெயரை மட்டும் கொண்டு ஒரு நிரல் எங்கு, எதற்காக எழுதப்பட்டது என்று கண்டறிவது பெரும்பாலும் நடவாத செயல்.